'சார்ஜ்' என்னும் சொல்லின் சுமை



நம் கடைகளில் நாள்தோறும் புழங்கும் இங்கிலீஷ் சொற்கள் பல. பில், ஆர்டர், ஸ்டாக், பேலன்ஸ் என்றெல்லாம் நாம் பேசும்பொழுது அவை அயல்மொழிச் சொற்கள் என்ற நினைவே நமக்கு எழுவதில்லை. பெட்டியடியில் அமர்ந்திருக்கும் முதலாளி முதல் கிட்டங்கியில் மூட்டை தூக்குபவர் வரை எல்லோருக்கும் அவை வீட்டுச் சொற்களைப்போல் ஆகிவிட்டன. ஆனால் இப்படிப் பழகிப்போன சொற்கள்தாம் நம்மை இடறிவிழச் செய்யவும் வல்லவை. தெரியாத சொல்லைக் கண்டால் நாலு பேரிடம் விசாரிப்போம். தெரிந்த சொல் என்று எண்ணிவிட்டாலோ, கேட்பதற்கு வாய் திறவாது.

அத்தகைய சொற்களுள் ஒன்றான 'சார்ஜ்' என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டுள்ளோம். நாம் மதரஸாவில் ஓதி, தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு கடைக்கு வந்தவர். இங்கிலீஷ் புலமைக்கு உரிமை கொண்டாடவில்லை. எனினும், இந்த ஒரு சொல்லின் பொருளை அறியாமல் நாம் கொடுத்த விலை பெரிது. அவ்விலையை மற்றவர்களும் கொடுக்க வேண்டாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு நேர்ந்தது

2012-ஆம் ஆண்டு நோன்புக் காலத்துக்கு முன்பு, சரக்கு நிரப்புவதற்காக நமக்கு எண்பதாயிரம் வெள்ளி தேவைப்பட்டது. நம்மிடம் ஈடு காட்டச் சொத்து ஏதும் இல்லை. வாப்பா மறைந்தபின் வீடும் மனையும் காக்கா பெயரில் இருந்தன. நாம் அணுகிய நிதி நிலையத்தின் கிராணி தொலைபேசியில் நம்மிடம், "உங்கள் காக்காவின் நிலத்தின்மேல் ஒரு சார்ஜ் இருக்கும், அவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

'சார்ஜ்' என்றால் கட்டணம். இதுதான் நமக்குத் தெரிந்தது. காக்காவிடம் போய், "ஏதோ சார்ஜ் போடுவார்களாம். இரண்டாயிரம், மூவாயிரம் வரலாம். அதை நாமே கட்டிவிடுகிறோம். நீங்கள் வந்து கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்றோம். காக்கா நம்மைவிடப் பத்து வயது மூத்தவர், நம்மைத் தோளில் தூக்கி வளர்த்தவர். தம்பி சொன்னால் சரி என்று வந்தார். வழக்கறிஞர் அலுவலகத்தில் தாள்களைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார்கள். காட்டிய இடங்களிலெல்லாம் ஒப்பமிட்டார். ஒரு வரியையும் படிக்கவில்லை. நாம் படித்துப் பார்த்திருப்போம் என்று அவர் நினைத்தார். அவர்கள் விளக்கியிருப்பார்கள் என்று நாம் நினைத்தோம்.

ஒன்றரை ஆண்டு தவணை ஒழுங்காகப் போயிற்று. அதன்பின் இரண்டு பெரிய வாடிக்கைக்காரர்கள் பாக்கியை நிறுத்திவிட்டதால் நமக்கும் தவணை தவறியது. ஒருநாள் காக்கா வீட்டுக்குப் பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு வந்தது. அது மலாய் மொழியில் இருந்தது. அதிலே 'காடாயான்' என்ற சொல்லை அவர் கண்டார். 'பஜாக் காடாய்' என்றால் அடகுக்கடை என்பது இந்நாட்டில் சிறு குழந்தைக்கும் தெரியும். தாளை எடுத்துக்கொண்டு நேரே நம் கடைக்கு வந்தார்.

"தம்பி, சார்ஜ் என்றால் கட்டணம் என்றல்லவா சொன்னாய்? இதிலே காடாய் என்று போட்டிருக்கிறதே! வாப்பாவின் வீட்டையா நான் அடகு வைத்தேன்?"

நமக்கு வாய் எழவில்லை. அவர் அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பிப் போனார். பிறகு பல மாதங்கள் நம் கடை வாசலை மிதிக்கவில்லை. உள்வீட்டில் உம்மா இருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் வைத்திருந்ததுதான் காக்காவுக்குப் பெரிய பாரம்.

அன்றிரவு அகராதியை வாங்கி வந்து அந்தச் சொல்லைப் பார்த்தோம். ஒரு சொல்லுக்கு இத்தனை பொருளா என்று மலைத்துப் போனோம். முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பின்னர்தான் மதரஸாவில் ஹஜ்ரத் சொல்லிக்கொடுத்த முறை கைகொடுத்தது.

வேர் எது?

அரபியில் ஸர்ஃபு பாடம் ஓதியவர்கள் அறிவார்கள். க-த-ப என்ற மூன்று எழுத்துக்களில் 'எழுதுதல்' என்ற கருத்து அடங்கியிருக்கிறது. அதிலிருந்து கிதாபு என்றால் நூல், காதிபு என்றால் எழுதுபவர், மக்தூபு என்றால் எழுதப்பட்டது, மக்தபு என்றால் பள்ளிக்கூடம். வேரைப் பிடித்துக்கொண்டால் கிளைகள் தாமே கைக்கு வரும். இங்கிலீஷ் சொல்லுக்கும் இவ்வழியைக் கையாண்டு பார்த்தோம்.

'சார்ஜ்' என்பதன் வேர் லத்தீன் மொழியில் வண்டியைக் குறிக்கும் 'கார்ருஸ்' என்ற சொல். அதிலிருந்து 'வண்டியில் பாரம் ஏற்றுதல்' என்ற பொருளில் 'கார்ரிக்காரே' என்னும் வினைச்சொல் பிறந்தது. பிரெஞ்சு மக்களின் வாயில் அது 'சார்ஜே' ஆயிற்று. 1066-இல் நார்மன் மன்னன் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சுச் சொற்கள் ஏராளமாக இங்கிலீஷில் புகுந்தன. அவற்றோடு இதுவும் சேர்ந்தது. நாம் ஓட்டும் 'கார்', கப்பலில் ஏற்றும் 'கார்கோ', சுமப்பதைக் குறிக்கும் 'கேரி', சைக்கிளின் பின்னுள்ள 'கேரியர்' ஆகிய யாவும் இதே குடும்பத்துப் பிள்ளைகள்.

ஆகவே, 'சார்ஜ்' என்பதன் முதற்பொருள் பாரம் ஏற்றுதல், அஃதாவது சுமத்துதல். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை எல்லாம் எளிது.

இதில் வியப்பு என்னவென்றால், நம் தமிழும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. மூட்டையைச் சுமத்துகிறோம். வரியைச் சுமத்துகிறோம். ஒருவர்மேல் பொறுப்பைச் சுமத்துகிறோம். குற்றத்தையும் சுமத்துகிறோம். 'பொறுப்பு' என்ற சொல்லே 'பொறு', அதாவது தாங்கு என்பதிலிருந்து வந்ததுதானே? அரபியிலும் 'ஹம்ல்' என்றால் சுமை. சுமை தூக்குபவர் 'ஹம்மால்'. வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவள் 'ஹாமில்'. இச்சொல்லை மலாய்க்காரர்களும் வழங்குகிறார்கள். மனிதன் எந்த மொழி பேசினாலும் அவன் தோளில் இருப்பது சுமைதான் போலும்!

இனி, வணிகர்களுக்கு வேண்டிய கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. விலையாகிய சுமை

பொருளுக்கோ வேலைக்கோ வாங்குபவர்மேல் ஏற்றப்படும் தொகை 'சார்ஜ்'. இதுவே நாம் எல்லோரும் அறிந்த பொருள். 'டெலிவரி சார்ஜ்', 'ரிப்பேர் சார்ஜ்' என்பன இவ்வகை. அளவுக்கு மீறி ஏற்றினால் 'ஓவர்சார்ஜ்'. விலைக்கு மேல் கூடுதலாக ஏற்றுவது 'சர்சார்ஜ்'. சுமையே இல்லாமல் கொடுத்தால் 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்'. மொத்த வியாபாரிகள் பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி 'எஃப்.ஓ.சி.' என்று விலைப்பட்டியலில் எழுதுகிறார்களே, அதன் விரிவு இதுதான். எஃப்.ஓ.சி. சரக்கையும் இருப்புக் கணக்கில் ஏற்ற மறக்கலாகாது. ஏற்றாவிட்டால் ஐந்தொகை எடுக்கும்பொழுது சரக்கு கூடுதலாக நிற்கும், காரணம் தெரியாது.

உணவகம் நடத்தும் சகோதரர்கள் 'சர்வீஸ் சார்ஜ்' வேறு, 'சர்வீஸ் டாக்ஸ்' வேறு என்பதை வாடிக்கையாளருக்கு விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் கடைக்காரர் வாங்கிக்கொள்வது. சர்வீஸ் டாக்ஸ் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வரி. மலேசியாவில் பதிவு பெற்ற உணவகங்கள் வசூலிக்கும் இவ்வரி 6 சதவிகிதம். சிங்கப்பூர் உணவகங்களின் விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். ஒன்று 10 சதவிகித சர்வீஸ் சார்ஜ், மற்றொன்று பொருள் சேவை வரி. அவ்வரி 2024 முதல் 9 சதவிகிதமாக உள்ளது. 100 வெள்ளிச் சாப்பாட்டுக்கு முதலில் சார்ஜைக் கூட்டினால் 110. அந்த 110-க்கு வரி 9 வெள்ளி 90 காசு. ஆக 119 வெள்ளி 90 காசு. நூற்றுப்பத்தொன்பது என்று வாயால் சொல்லிவிட்டுப் பிறகு காசுக்குச் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறோம். சார்ஜின் மேலும் வரி உண்டு என்பதை அறியாததே காரணம்.

தமிழ்நாட்டிலிருந்து சரக்குத் தருவிப்போருக்கு இன்னொரு செய்தி. வங்கி வழியாகப் பணம் அனுப்பும் படிவத்தில் 'சார்ஜஸ்' என்ற இடத்தில் மூன்று குறிகள் இருக்கும். 'அவர்' என்றால் எல்லாச் செலவும் அனுப்புகிற நம்முடையது. 'பென்' என்றால் எல்லாம் பெறுகிறவருடையது. 'ஷா' என்றால் நம் பக்கத்துச் செலவு நமக்கு, அவர் பக்கத்துச் செலவு அவருக்கு. 5,000 டாலர் அனுப்பியும் தூத்துக்குடியில் குறைவாகச் சேர்ந்தது என்று சரக்குக்காரர் கடிதம் எழுதுவார். நாம் முழுதும் அனுப்பியதாகச் சத்தியம் செய்வோம். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். குறியைக் கவனிக்காததுதான் குற்றம். விலை பேசும்பொழுதே இச்சுமை யாருடையது என்று பேசிவிடுவது நலம்.

2. கணக்கில் ஏற்றும் சுமை

'சார்ஜ் இட் டு மை அக்கவுண்ட்' என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னால், 'என் பேரில் பற்று எழுதிக்கொள்' என்பது பொருள். இப்பொழுது பணம் தருகிறேன் என்பதன்று. ரொக்கமா, சார்ஜா என்று கேட்பதும் இதுவே. புதிதாக வந்த கடைப்பையன் இதைக் கேட்டுவிட்டுப் பணத்துக்காகக் கை நீட்டிக்கொண்டு நின்றதும் உண்டு. பற்றுக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பெட்டியடியில் முன்கூட்டியே சொல்லி வைப்பது உத்தமம்.

3. பொறுப்பாகிய சுமை

'இன் சார்ஜ்' என்றால் பொறுப்பில் இருப்பவர். மலேசியாவில் மாவட்டப் போலீஸ் தலைவரை 'ஓ.சி.பி.டி.' என்கிறோம். அதில் வரும் 'சி' நம் சார்ஜ்தான். தூதர் இல்லாத வேளையில் தூதரகத்தைக் கவனிப்பவரை 'சார்ஜே தஃபேர்' என்று பத்திரிகைகள் எழுதுவதும் இதன் வழியில் வந்ததே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'ஹி இஸ் இன் சார்ஜ் ஆஃப் த பாய்' என்றால் அவர் பையனுக்குப் பொறுப்பாளி. 'ஹி இஸ் இன் த சார்ஜ் ஆஃப் த பாய்' என்றால் பையன்தான் அவருக்குப் பொறுப்பாளி. நடுவே ஒரு 'த' நுழைந்ததும் முதலாளி பையனாகிவிடுகிறார், பையன் முதலாளியாகிவிடுகிறான்! கடையை இன்னாரிடம் ஒப்படைத்திருக்கிறோம் என்று கடிதம் எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஒப்படைக்கப்பட்டது எதுவாயினும் அஃது ஓர் அமானத்து. அதைச் சுமப்பவர் யார் என்பதில் குழப்பம் கூடாது.

4. குற்றமாகிய சுமை

போலீசார் 'யு வில் பி சார்ஜ்ட்' என்று சொன்னால் கட்டணம் கேட்கிறார்கள் என்று பொருளல்ல. உன்மேல் குற்றஞ்சாட்டி நீதிமன்றத்தில் நிறுத்தப் போகிறோம் என்று பொருள். ஊரிலிருந்து புதிதாக வந்த தொழிலாளி ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "எவ்வளவு?" என்று பணப்பையை எடுத்தாராம். நல்லவேளையாகக் கூட இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லையேல் கையூட்டுக் கொடுக்க முயன்றதாக இரண்டாவது குற்றமும் ஏறியிருக்கும். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கிறது. அவர் நிலையில் இருந்தால் சிரிப்பு வராது.

நீதிமன்றத்தில் 'சார்ஜ்' என்பது எழுதப்பட்ட குற்றச்சாட்டு. அதைப் படித்துக்காட்டி, விளங்கச் செய்து, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பது முறை. மொழி விளங்காதவர் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம். விளங்காமல் தலையாட்டுவது, படிக்காமல் ஒப்பமிடுவதற்குச் சமம்.

5. சொத்தின் மேல் ஏறும் சுமை

நம்மை வீழ்த்திய பொருள் இதுதான். ஆகவே, இதைச் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

மலேசியாவில் 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி, கடனுக்கு ஈடாக நிலத்தின்மேல் எழுதிப் பதிவு செய்யும் உரிமைக்குப் பெயர் 'சார்ஜ்'. மலாயில் 'காடாயான்'. அதற்குரிய படிவம் 16ஏ. நிலம் நம் பெயரிலேயே இருக்கும். நாமே குடியிருப்போம். ஆனால் நிலக் கிராண்டில் இன்னாருக்குச் சார்ஜ் இருக்கிறது என்ற குறிப்பு ஏறிவிடும். அந்தக் குறிப்புதான் சுமை. தம்பி வாங்கும் கடனுக்கு அண்ணன் நிலத்தின்மேலும் இச்சுமையை ஏற்றலாம். நமக்கு நடந்தது அதுவே.

தவணை தவறி ஒரு மாதம் கடந்தால், அல்லது பத்திரத்தில் குறித்த காலம் கடந்தால், கடன் கொடுத்தவர் 16டி என்னும் படிவத்தில் அறிவிப்பு அனுப்பலாம். அதில் குறித்த தவணைக்குள் சரிசெய்யாவிட்டால், நிலத்தை ஏலத்தில் விற்க உத்தரவு கேட்டு நீதிமன்றத்தையோ நில அலுவலகத்தையோ அணுகலாம். எங்கே போவது என்பது கிராண்டின் வகையைப் பொறுத்தது. இஸ்லாமிய முறையில் வட்டியின்றி நிதி பெறுவோருக்கும் ஒரு வார்த்தை. அங்கேயும் நிலத்தை ஈடாக வைத்தால் இதே சட்டப்படி சார்ஜ் பதிவு செய்யப்படுகிறது. ஆகையால் 'அது இஸ்லாமிய வங்கிதானே' என்று படிக்காமல் இருந்துவிடக்கூடாது.

சிங்கப்பூரில் நிலத்தை ஈடு வைப்பதற்கு 'மார்ட்கேஜ்' என்ற சொல்லே பெரிதும் வழங்குகிறது. ஆயினும் சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்கியவர் வீட்டின்மேல் மத்திய சேமநிதிக் கழகத்துக்குச் சார்ஜ் உண்டு. வீட்டை விற்கும்பொழுது எடுத்த பணம் திரும்பவும் சேமநிதிக் கணக்கில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அது.

இதைவிட நுட்பமானது 'ஃப்ளோட்டிங் சார்ஜ்', அதாவது மிதக்கும் சுமை. 1870-இல் ஓர் ஆங்கிலக் கப்பல் கம்பெனியின் வழக்கில் இம்முறையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. நிலம் அசையாதது, அதன்மேல் சுமை நிலையாக இருக்கும். கடைச் சரக்கோ இன்று வரும், நாளை போகும். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் சரக்கின்மேல் மேகம்போல் ஒரு சுமை மிதந்துகொண்டிருக்கும். கம்பெனி ஒழுங்காக நடக்கும்வரை சரக்கை விற்கலாம், வாங்கலாம், தடையில்லை. கடன் தவறினாலோ கம்பெனி கலைக்கப்பட்டாலோ அந்த மேகம் இறங்கி, அன்று கிட்டங்கியில் உள்ள சரக்கின்மேல் உட்கார்ந்துவிடும்.

இது நமக்கெதற்கு என்று எண்ண வேண்டாம். நீங்கள் ஒரு கம்பெனிக்கு முப்பதாயிரம் வெள்ளிக்குக் கடனில் சரக்குப் போடுகிறீர்கள். அதன் சரக்கின்மேல் முன்பே ஒரு வங்கிக்கு மிதக்கும் சார்ஜ் இருக்கிறது. கம்பெனி நொடித்தால் உங்கள் மூட்டைகள் இன்னும் பிரிக்கப்படாமல் அங்கேயே அடுக்கியிருந்தாலும், 'அது என் சரக்கு' என்று பொதுவாக எடுத்துவர இயலாது. வங்கி தன் பங்கை எடுத்த பிறகு மிச்சம் இருந்தால்தான் ஈடில்லாக் கடன்காரராகிய உங்கள் முறை வரும்.

இதற்குப் பரிகாரமும் சட்டத்திலேயே உண்டு. மலேசியாவில் 2016-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படியும், சிங்கப்பூரில் 1967-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படியும், இத்தகைய சார்ஜை எழுதிய 30 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அது மற்றக் கடன்காரர்கள்முன் செல்லாது. பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்கலாம். மலேசியாவில் கம்பெனி ஆணையமாகிய எஸ்.எஸ்.எம்.-இலும், சிங்கப்பூரில் அக்ராவிலும் சிறு தொகை கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பெரிய தொகைக்குக் கடன் கொடுக்கும்முன் அந்தச் சிறு 'சார்ஜை'க் கட்டி இந்தப் பெரிய 'சார்ஜை'த் தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம்.

6. பிற சுமைகள்

துப்பாக்கியில் மருந்தை ஏற்றுவதும் சார்ஜ். மின்சாரத்தை ஆராய்ந்தவர்கள் 18-ஆம் நூற்றாண்டில் இச்சொல்லை அங்கும் எடுத்தாண்டார்கள். ஆதலால் இன்று கைபேசிக்கு நாம் சார்ஜ் ஏற்றுகிறோம். 'ஏற்றுகிறோம்' என்று நம் மக்கள் தாமாகவே சரியான சொல்லைப் போட்டுவிட்டார்கள் பாருங்கள்! ஆயுதத்தை ஏந்திப் பாய்ந்து தாக்குவதும் சார்ஜ்தான். இந்தியப் பத்திரிகைகளில் 'லத்தி சார்ஜ்' என்று வருவது அதுவே.

7. சுமை இறக்குதல்

ஏற்றினால் இறக்க வேண்டும். இறக்குவதற்குப் பெயர் 'டிஸ்சார்ஜ்'. நம் முன்னோர் சிங்கப்பூர் ஆற்றிலே தொங்கான்களில் சரக்கை இறக்கினார்களே, அதுவும் டிஸ்சார்ஜ்தான். அத்தொங்கான்கள் 1983-இல் ஆற்றைவிட்டு அகற்றப்பட்டன. ஆனால் கப்பல் சீட்டுகளில் 'போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ்' என்ற சொல் இன்றும் இருக்கிறது. சரக்கு இறங்கும் துறைமுகம் என்பது பொருள். பினாங்குக்கு வர வேண்டிய சரக்குக்குப் போர்ட் கிள்ளான் என்று எழுதிவிட்டால் லாரி வாடகை யார் தலையில் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நோயாளியை மருத்துவமனையிலிருந்து அனுப்புவது டிஸ்சார்ஜ். நொடித்தவரைக் கடன் சுமையிலிருந்து விடுவிப்பதும் டிஸ்சார்ஜ். ஆனால், கடை தீப்பற்றினாலோ வண்டி மோதினாலோ காப்புறுதிக் கம்பெனி ஒரு 'டிஸ்சார்ஜ் வவுச்சர்' நீட்டும். அங்கே சுமை இறங்குவது நம்முடையதன்று, கம்பெனியுடையது! இத்தொகையோடு எல்லாம் தீர்ந்தது, இனி கேட்க மாட்டேன் என்று எழுதிக்கொடுப்பதே பெரும்பாலும் அதன் கருத்து. தொகை போதுமா என்று பார்க்காமல் அதில் ஒப்பமிடலாகாது.

நினைவில் வைக்க ஒரு வழி

இத்தனையையும் எப்படி நினைவில் வைப்பது? இச்சொல்லுக்குப் பின்னால் வரும் சிறு சொல்லைப் பாருங்கள். 'சார்ஜ் ஃபார்' என்றால் விலை. 'சார்ஜ் டு' என்றால் கணக்கில் பற்று. 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பு. 'சார்ஜ் வித்' என்றால் பெரும்பாலும் குற்றம். 'சார்ஜ் ஆன்', 'சார்ஜ் ஓவர்' என்றால் சொத்து ஈடு. மூட்டை ஒன்றுபோல் இருந்தாலும் அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துத்தானே சரக்கை அறிகிறோம்? அப்படியே இதுவும்.

அன்று அந்தக் கிராணி 'ஆன் யுவர் பிரதர்ஸ் லேண்ட்' என்று தெளிவாகத்தான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த 'ஆன்' நம் காதில் விழுந்தது, மனத்தில் விழவில்லை. கட்டணம் நிலத்தின்மேல் எப்படி இருக்கும் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நமக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அவர் நினைத்துவிடுவாரே என்ற வெட்கம் அக்கேள்வியைத் தடுத்துவிட்டது. சொல்லை அறியாதது ஒரு பிழை. அறிந்ததுபோல் காக்காவிடம் போய் மொழிபெயர்த்தது அதனினும் பெரிய பிழை.

சரக்கு வண்டியை விற்றோம். கடையைப் பாதியாகச் சுருக்கினோம். நின்ற தவணைகளைக் கட்டி முடித்து, ஏலத்துக்குப் போகாமல் தடுத்தோம். 2018-இல் கடைசித் தவணையும் தீர்ந்தது. 16என் என்னும் படிவத்தில் டிஸ்சார்ஜ் பதிவாகி, கிராண்டிலிருந்து அந்தக் குறிப்பு நீங்கியது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பிறகு காக்கா வீட்டுக்குப் போய் அவர் கையில் கொடுத்தோம். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நிதானமாகப் படித்தார். பிறகு உம்மாவைக் கூப்பிட்டு நமக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

நாம் எழுந்து விடைபெறும்பொழுது வாசல்வரை வந்தார். "தம்பி, வியாபாரத்தில் நஷ்டம் வரும், போகும். அதற்கு உன்மேல் எனக்கு வருத்தமில்லை. இனிமேல் ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்" என்றார்.

சகோதரர்களே, நம் பிள்ளைகள் இப்போது நன்றாகப் படிக்கிறார்கள். ஒப்பமிடும் தாளை அவர்களிடம் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்வதில் இழிவு ஒன்றுமில்லை. வீட்டிலே பிள்ளை இல்லையென்றால் சங்கத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள். யாரும் இல்லையென்றால், 'இஃது எனக்கு விளங்கவில்லை, விளக்குங்கள்' என்று எதிரே இருப்பவரிடமே கேளுங்கள். விளங்கும்வரை பேனாவைத் திறக்காதீர்கள். அவ்வாறு கேட்பதற்கு எந்தச் சார்ஜும் இல்லை.